மெத்தை வீட்டுத் தளமும் அதைத் தட்டுனவங்களும்

சம்பா அறுத்தாச்சு, உளுந்தும் வீடு வந்து சேர்ந்தாச்சு. குறுவைக்கு இன்னும் நாள் இருக்கு. இந்த இடைவெளியிலதான் எங்க பக்கம் வீட்டு வேலை எல்லாம் நடக்கும். நாங்களும் இந்தப் பங்குனி, சித்திரையில மாடித் தளத்தைச் சரி பண்ணி முடிச்சோம். எப்படிப் பண்ணினோம்னு நாலு வரி எழுதலாம்னு உக்காந்தேன். கிளறக் கிளற எங்க ஊர்க் கூரைகளோட வரலாறா நீண்டுடுச்சு. பொறுமையாப் படிங்க.

எங்க வீடு சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் போற வழியில. முன்கட்டு எங்க தாத்தா 1960-களோட தொடக்கத்துல கட்டினது. பின்கட்டு எங்க அப்பா 1987-ல கட்டின கான்கிரீட். ரெண்டுக்கும் மேல இருக்கிறது ஜல்லித் தளம்தான். ஆனா ரெண்டும் வேற வேற ஜல்லி, வேற வேற காலம். போன ஐப்பசி, கார்த்திகையில ரெண்டுமே ஒழுகுச்சு. முன்கட்டுல உத்திரத்துக்குப் பக்கத்துல தண்ணி கோடு போட்டு இறங்குச்சு. பின்கட்டுல விதை நெல் மூட்டை அடுக்கி வெச்சிருந்த அறையில ஓதம் ஏறி, அடி மூட்டை ரெண்டு முளை விட்டுடுச்சு. விதை போச்சுன்னா ஒரு விவசாயிக்கு எவ்வளவு வலிக்கும்னு சொல்லத் தேவையில்ல.

முதல்ல முன்கட்டைப் பார்ப்போம். எங்க பக்கம் தட்டையா மாடி வெச்ச வீட்டை 'மெத்தை வீடு'ன்னு சொல்வோம். பழைய ஆளுங்க இன்னமும் "மெத்தையில நெல்லு காயுது"ன்னுதான் சொல்வாங்க. எஞ்சினியருங்க இதுக்கு வெச்ச பேரு 'மெட்ராஸ் டெரஸ்'. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதுக்கு மேல குறுக்கால வரிசையா மரச் சட்டங்கள். அந்தச் சட்டங்களுக்கு மேல மெல்லிசான சின்னச் செங்கல்லை நிக்க வெச்சு, கோணவாக்குல, சுண்ணாம்புக் கலவையில ஒட்டி அடுக்கிக்கிட்டே போவாங்க. கீழே பலகை முட்டு எதுவும் கிடையாது. ஒரு கல்லை ஒட்டி அடுத்த கல்லு, அப்படியே நிக்கும். அது இறுகின பிறகு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூணு நாலு அங்குலத்துக்குப் போட்டு, தட்டித் தட்டி இறுக்கி, அதுக்கும் மேல தட்டோடு பதிப்பாங்க. தண்ணி ஓடுறதுக்கு வாட்டம், முடியுற இடத்துல தூம்பு. அவ்வளவுதான். இரும்பு கிடையாது, சிமெண்ட் கிடையாது.

இது எங்க தாத்தா கண்டுபிடிச்சதில்ல. கிழக்குக் கடற்கரையில ஐரோப்பியக் கம்பெனிக்காரங்க கட்டின கட்டடங்கள்ல இந்த மாதிரித் தளத்தை நிறையப் பார்க்கலாம். எங்களுக்கு வடக்கே கடலூர். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல வாங்கினாங்க. 1756-ல ராபர்ட் கிளைவ் அங்க துணை கவர்னரா வந்தார். ரெண்டே வருஷத்துல, 1758-ல, பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளிட்டார். மஞ்சக்குப்பத்துல கலெக்டர் குடியிருக்கிற கார்டன் ஹவுஸ் மட்டும் கம்பெனி காலத்தை ஞாபகப்படுத்திக்கிட்டு நிக்குது. அதோட கூரையில மரமும் இல்ல, இரும்பும் இல்ல, வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான்னு கடலூர்க்காரங்க பெருமையாச் சொல்வாங்க. எங்களுக்குத் தெற்கே தரங்கம்பாடி. 1620-ல டேனிஷ்காரங்க வந்து கோட்டை கட்டின ஊர், 1845-ல ஆங்கிலேயருக்கு வித்துட்டுப் போனாங்க. அங்க பாழாக் கிடந்த டேனிஷ் கவர்னர் மாளிகையைச் சமீப காலத்துல புதுப்பிச்சப்போ, பழைய சுண்ணாம்பு முறையிலதான் வேலை பண்ணினாங்க. சிதம்பரம் வந்தா அங்கயும் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க.

கம்பெனிக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே நம்ம கொத்தனாருங்களுக்குச் சுண்ணாம்புத் தளம் பழக்கம்தான். பல கோயில்கள்ல கல் பலகை போட்ட மண்டபத்துக்கு மேல செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடுன்னு இதே அடுக்குதான் இருக்கும். கும்பாபிஷேகத் திருப்பணின்னா கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியும். மேல்தளத்துல பழைய சுண்ணாம்பைப் பேர்த்துட்டுப் புதுசு போடுறது கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியாது.

கூரைன்னு பேசும்போது சிதம்பரத்துக்காரன் பொன்னம்பலத்தைச் சொல்லாமப் போக முடியாது. முதலாம் பராந்தக சோழன் (907-955) சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்ததாச் சோழர் செப்பேடு சொல்லுது. 'வேய்ந்தான்'ங்கிற சொல்லைக் கவனிங்க. கீத்து வேயுறதுக்கும் அதே சொல்தான். அந்தப் பொற்கூரையோட அமைப்பும் ஒரு கூரைக் குடிசை மாதிரிதான் இருக்கும். பொன்னே ஆனாலும் குடிசை வடிவத்துலதான் வேய்ஞ்சிருக்காங்க. ஊருக்குள்ள குடிசையில இருந்தவங்களுக்கு என்ன கிடைச்சுதுங்கிறதுக்குப் பின்னாடி வர்றேன்.

எங்க முன்கட்டுத் தளத்தைத் தட்டுனவங்கள்ல ஒரு ஆயா இன்னமும் இருக்காங்க. வயசு எழுபத்தஞ்சுக்கு மேல. பக்கத்துக் காலனியில பேரனோட இருக்காங்க. தளத்தைப் பேர்க்கலாமா வேணாமான்னு குழம்பிக்கிட்டிருந்தப்போ அவங்களைப் போய்க் கேட்டேன்.

"அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு இருக்கும் தம்பி. எங்க அம்மாவோட வந்தேன். எதிரும் புதிருமா ரெண்டு வரிசையா குத்துக்கால் வெச்சு உக்காந்து கட்டையால தட்டுவோம். ஒரு வரிசை தூக்கும்போது ஒரு வரிசை இறக்கும். பாட்டு இல்லாம அது நடக்காது, பாட்டு நின்னா கை நின்னுடும். கடுக்காயும் வெல்லமும் ஊறப் போட்ட தண்ணியத் தெளிச்சுக்கிட்டே இருப்பாங்க. வெல்லத் தண்ணியாச்சேன்னு நக்கிப் பாத்தேன், நாக்கு ஒட்டிக்கிச்சு, அம்புட்டுத் துவர்ப்பு."

"எத்தனை நாள் தட்டுனீங்க ஆயா?"

"நாளு யாரு எண்ணுனா? கட்டை எகிறணும். தட்டுனா உள்ள வாங்கக் கூடாது, திருப்பி எகிறணும். அதுவரைக்கும் மேஸ்திரி விடமாட்டாரு."

இதுல இருக்கிற விஷயத்தைப் பாருங்க. சுண்ணாம்பு சிமெண்ட் மாதிரி சில மணி நேரத்துல இறுகிடாது. காத்துல இருக்கிற கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் திரும்பக் கல்லா மாறும். வெல்லம் அந்த இறுகலைத் தாமதப்படுத்தும். அதனாலதான் நாள் கணக்குல தட்ட முடியுது. தட்டத் தட்ட ஜல்லிக்கு நடுவுல இருக்கிற காத்தும் தண்ணியும் வெளிய வந்து, சுண்ணாம்புப் பால் மேல மிதக்கும். கடைசியில அதையே வழிச்சு மெழுகிடுவாங்க. பிற்காலத்துல மெல்லிசா விரிசல் விட்டாலும், மழைத் தண்ணியில கரையுற சுண்ணாம்பு அந்த விரிசல்லயே படிஞ்சு கொஞ்சம் அடைச்சுக்கும். நாம இன்னைக்குக் கடையில டப்பாவுல வாங்குற 'வாட்டர்ப்ரூஃபிங்'கை அன்னைக்குக் கொடுத்தது அந்தப் பொம்பளைங்களோட கைதான்.

ஆயா இன்னொண்ணும் சொன்னாங்க. "தட்டி முடிச்சு இறங்குனதுதான் தம்பி. அப்புறம் அந்த மெத்தையில நான் ஏறுனதே இல்ல."

அதை அவங்க குறையாச் சொல்லல, சும்மா ஒரு தகவலாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் சுருக்குன்னுது. நான் பட்டம் விட்டது, பரீட்சைக்குப் படிச்சது, எங்க அம்மா வடாம் போட்டது எல்லாம் அந்த மெத்தையிலதான். அதைத் தட்டின பொண்ணு சாயங்காலம் போய்ப் படுத்தது கீத்துக் கூரைக்குக் கீழ. அப்போ எங்க பக்கம் கூரையைப் பார்த்தே யாரு என்னன்னு சொல்லிடலாம். மெத்தை வீடு சிலது. நாட்டு ஓட்டு வீடு கொஞ்சம். 1865-ல பாசல் மிஷன் மங்களூர்ல தொழிற்சாலை போட்டு ஆரம்பிச்சு வெச்ச சீமை ஓடு, வசதி கொஞ்சம் வந்தவங்க வீட்டுல. மத்தவங்க எல்லாம் கீத்து. 'எங்க தாத்தா காலத்து வழக்கம், நான் என்ன பண்றது'ன்னு சொல்லித் தப்பிச்சுக்க எனக்கு மனசு வரல. அந்த மெத்தைக்குக் கீழதானே நான் இன்னமும் தூங்குறேன்.

கீத்துக் கூரைக்கு மழையை விடப் பெரிய பயம் நெருப்பு. 1968 டிசம்பர் 25 ராத்திரி, அன்னைக்கு ஒண்ணா இருந்த தஞ்சாவூர் மாவட்டத்துல, கீழ்வெண்மணியில ஒரு குடிசைக்குள்ள 44 பேரை எரிச்சாங்க. கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். 1974-ல தாட்கோ ஆரம்பிச்சப்போ அதோட முதல் வேலையே ஆதிதிராவிடர் மக்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டிக் கொடுக்கிறதுதான். 2010-ல கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது, 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடா மாத்துறோம்னு. 2011-ல 300 சதுர அடிப் பசுமை வீடு. அந்த வருஷமே டிசம்பர் 30 விடியக்காலம் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுச்சு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சுது. கீத்தும் ஓடும் பறந்த அன்னைக்கு எங்க பக்கம் ஜனங்க ஓடி ஒதுங்கினது தட்டைக் கூரை இருந்த பள்ளிக்கூடத்துலயும் மெத்தை வீடுகள்லயும்தான். தலைக்கு மேல ஒரு கெட்டித் தளம்ங்கிறது அன்னைக்கு உயிர்.

சரி, பின்கட்டுக்கு வருவோம். எங்க தாத்தா 60-கள்லயும் சுண்ணாம்பையே நம்புனதுக்கு ஒரு காரணம் இருக்கு. நம்ம ஊர்ப் பக்கம் டால்மியாபுரத்துல 1939-லயே சிமெண்ட் ஆலை வந்துட்டாலும், சிமெண்ட் ரொம்ப காலம் அரசாங்கக் கட்டுப்பாட்டுல இருந்தது. பர்மிட் வாங்கணும், அலையணும். 1982-ல பாதி தளர்த்தினாங்க, 1989-ல முழுசா எடுத்தாங்க. எங்க அப்பா 1987-ல கான்கிரீட் போட்டதும், சுத்துப்பட்டு கிராமங்கள்ல மளமளன்னு சென்ட்ரிங் ஏறினதும் அந்தக் காலகட்டத்துலதான்.

அப்பயும் ஜல்லி போகல. கான்கிரீட் தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி, மேல தட்டோடு பதிச்சாங்க. இதுக்குத்தான் கொத்தனாருங்க 'சுருக்கி'ன்னு சொல்வாங்க, எஞ்சினியருங்க 'வெதரிங் கோர்ஸ்'ன்னு சொல்வாங்க. பொதுப்பணித்துறைக் கணக்குல 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீத்த சுண்ணாம்பு, மணலே சேர்க்கக் கூடாது. தண்ணி ஓட வாட்டம் கொடுக்கிறது, வெயிலைக் கான்கிரீட்டுக்கு நேராப் போக விடாம மறைக்கிறது, இது ரெண்டும் அதோட வேலை. சென்னையில, கடலூர்ல பழைய அப்பார்ட்மெண்ட்ல இருக்கிற நண்பர்களே, உங்க மொட்டை மாடியில சிவப்புத் தட்டோடு இருந்தா அதுக்கு அடியில இருக்கிறது இதுதான்.

இனி எங்க தப்பைச் சொல்றேன். சில வருஷத்துக்கு முன்னாடி முன்கட்டு லேசா ஒழுகினப்போ, டவுன்ல இருந்து ஒருத்தரை வரவழைச்சோம். மெத்தைக்கு மேல சிமெண்ட் பூச்சு, அதுக்கு மேல ரப்பர் மாதிரி ஒரு கோட்டிங். பத்து வருஷம் கவலையே இல்லைன்னார். ரெண்டு மழைக்காலம் நல்லாத்தான் இருந்தது. இந்தத் தடவை பேர்த்துப் பார்த்தா, சிமெண்ட் பூச்சுல மயிரிழை விரிசல், அதுக்குக் கீழ சுண்ணாம்பு பிழிஞ்சா தண்ணி வர்ற மாதிரி நனைஞ்சு கிடக்கு. ஒரு உத்திரத்தோட முனை, சுவருக்குள்ள போற இடத்துல, விரல்ல குத்தினா உதிருது.

காரணம் இதுதான். சுண்ணாம்புத் தளம் மழையில கொஞ்சம் ஈரத்தை வாங்கும், வெயில்ல அதை விட்டுடும். மூச்சு விடுற தளம். அதுக்கு மேல மூடி போட்டா, விரிசல் வழியாப் போன தண்ணி திரும்ப மேல வர வழி இல்ல. கீழ மரத்தைத்தான் தேடிப் போகும். அதோட சிமெண்ட் விறைப்பு, சுண்ணாம்பு இளக்கம். வெயில்ல ரெண்டும் ஒரே மாதிரி நீளாது, அதனால விரிசல் வந்தே தீரும். கோட்டிங் கெட்ட பொருள் இல்ல. போடக் கூடாத இடத்துல போட்டோம்.

இந்த வருஷம் ரெண்டு கட்டுக்கும் ரெண்டு வைத்தியம். முன்கட்டுல சிமெண்ட் பூச்சை முழுசா எடுத்துட்டு ஒரு மாசம் காய விட்டோம். அழுகின உத்திர முனையை வெட்டிட்டுப் புது மரம் இணைச்சோம். கெட்டுப்போன இடத்துல மட்டும் ஜல்லியைத் தோண்டி, புதுசா ஜல்லியும் நீத்த சுண்ணாம்பும் போட்டுத் தட்டினோம். தட்டத் தெரிஞ்ச கொத்தனாரைத் தேடிப் பிடிக்கவே பதினஞ்சு நாள் ஆச்சு. அடைஞ்சு கிடந்த தூம்பைச் சுத்தம் பண்ணி, மேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சோம். பாதி ஒழுகலுக்குக் காரணமே அந்தத் தூம்புல வளர்ந்த ஒரு சின்ன அரசங்கன்னுதான்னா நம்புவீங்களா?

பின்கட்டுக்குக் கோட்டிங். அமெரிக்காவுல 19-ம் நூற்றாண்டுல இருந்தே தட்டைக் கூரைன்னா தார் ஊத்தி, தார்ல நனைச்ச விரிப்பு ஒட்டி, அதுக்கு மேல பொடிக்கல் ஜல்லி பரப்பிடுவாங்க. வெயில் தாரைத் தின்னாம இருக்கிறதுக்கு அந்த ஜல்லி. பழசானா கல்லைக் கூட்டி அள்ளி, காய விட்டு, வெள்ளைக் கோட்டிங் போடுற வழக்கம் அங்க உண்டு. நம்ம ஜல்லியைக் கூட்ட முடியாது, அது இறுகின ஜல்லி. ஆனா பாடம் ஒண்ணுதான்: முதல்ல காயணும். நாங்க தட்டோட்டை ஒவ்வொண்ணாக் கட்டையால தட்டிப் பார்த்து, 'டொக்கு டொக்கு'ன்னு வெத்துச் சத்தம் வந்ததைப் பேர்த்து மறுபடி பதிச்சோம். சந்துகளைச் சுரண்டிப் புதுசா அடைச்சோம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருற மூலையை உருட்டிப் பூசி, அங்க வலைத்துணி ஒட்டினோம். தண்ணி தேங்குற பள்ளத்தை நிரவினோம். சித்திரை வெயில்ல மூணு வாரம் காய விட்டு, பிரைமர், அப்புறம் ஒண்ணு காய்ஞ்சு ஒண்ணா ரெண்டு கோட் வெள்ளை. வெள்ளை அடிச்சதுல மத்தியானம் அறைக்குள்ள வெக்கை குறைஞ்சிருக்கிறது உடம்புக்கே தெரியுது. ஒரே நஷ்டம், அந்தப் பக்கம் இனிமே நெல்லைக் கொட்டிப் பலகையால இழுக்க முடியாது, கோட்டிங் கிழியும். காயப் போடுறது எல்லாம் இனி முன்கட்டு மெத்தையிலதான்.

கோட்டிங் அடிச்சது ஆயாவோட பேரன். பெயிண்ட் வேலைக்குச் சென்னை, பாண்டின்னு போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்த பையன். வேலை நடுவுல ஒரு நாள் சொன்னான்: "எங்க கான்கிரீட் வூட்டுக்கு மேல சுருக்கியே போடலண்ணே. கூரை ஒட்டுனதோட காசு முடிஞ்சுபோச்சு. வெயில் நேரா இறங்குது. கம்பி துரு புடிச்சு உப்பி, காரை பேந்து விழுது." ஊருக்கெல்லாம் கோட்டிங் அடிக்கிறவன் வீட்டுல அதுதான் நிலைமை. கீத்து போய்க் கான்கிரீட் வந்தது பெரிய மாற்றம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கூரைங்கிறது கான்கிரீட்டோட முடியுறதில்ல, அதுக்கு மேல இருக்கிற மூணு அங்குலமும் சேர்ந்ததுதான். அந்த மூணு அங்குலம் யார் வீட்டுல இருக்கு, யார் வீட்டுல இல்லைங்கிறதுல பழைய கதை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அவன் வீட்டு வேலையை இந்த வைகாசியில ஆரம்பிக்கிறோம். பேர்த்ததுல நல்லா இருந்த செங்கல் ஜல்லி எங்ககிட்ட மிச்சம், சுண்ணாம்பும் மிச்சம். தட்டுறதுக்கு நானும் போறேன்.

வேலை முடிஞ்ச அன்னைக்கு ஆயாவைக் கூப்பிட்டேன். பேரன் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாப் படியேறி வந்தாங்க. முன்கட்டு மெத்தையில நின்னு, கையில இருந்த ஊனுகோலால நாலு இடத்துல தட்டிப் பார்த்தாங்க.

"எகிறுது தம்பி. இது எங்க அம்மா உக்காந்த பக்கம்."

கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்திருந்தாங்க. அப்புறம் பின்கட்டு வெள்ளையைப் பார்த்து, "இதுல கட்டைக்கு வேலையே இல்லியா?"ன்னு பேரனைக் கேட்டாங்க. அவன் "பிரஷ்ஷுதான் ஆயா"ன்னு சிரிச்சான்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை உங்க மாடிக்கு ஏறிப் பாருங்க. டப்பா வாங்குறதுக்கு முன்னாடி தூம்பைப் பாருங்க, தட்டோட்டைத் தட்டிப் பாருங்க. மழை முடிஞ்சதும், ஒழுகுச்சா இல்லையான்னு ஒளிக்காம எழுதுறேன்.